வஸ்தாதி சார்

அவரை நான் முதலில் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் களியை அழாத குறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வேறு வீடுகளில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மேல் தெருவில் யாரோ "துன்னுட்டுப் போங்கோ சார்" என்றார்களாம், உட்கார்ந்துவிட்டார். அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள், அங்கேயும் உட்கார்ந்தார். என் மாமனார் கூப்பிட்டபோதாவது வயிற்றில் இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த புதிது, நான்தான் பரிமாறினேன். இன்னொரு உருண்டை வைக்கட்டுமா என்று கேட்டேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பெட்டம்மா" என்றார். வை என்று அர்த்தம். வைத்தேன். சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு இத்தனை பசியா என்று பரிதாபமாக இருந்தது. மறுநாள் வயிறு கெட்டு ஆபீசுக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டபோதுதான் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்தது.

இல்லை, முடியாது, வேண்டாம். இந்த வார்த்தைகள் அந்த மனிதர் வாயில் கிடையாது.

அவர் மண் காப்பு ஆபீஸிலிருந்து எங்கள் கொல்லைகளுக்குக் கரை போட்டுக் கொடுக்க வந்தவர். விஜயபுரத்தைத் தாண்டி மலையை ஒட்டிக் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கழனி என்று பேருக்குக் கொஞ்சம் உண்டு. மற்றதெல்லாம் சரிவில் கிடக்கிற மானாவாரிக் கொல்லை. வேர்க்கடலை போடுவோம், கேழ்வரகு போடுவோம், ஒன்றும் இல்லாவிட்டால் கொள்ளு. ஐப்பசி மழையில் மலைத் தண்ணீர் இறங்கி வரும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வருஷத்துக்கு வருஷம் கொல்லையில் கல் கூடிக்கொண்டே வரும். அதைத் தடுக்கத்தான் சர்க்கார் திட்டம் போட்டது. சரிவின் குறுக்கே மட்டம் பார்த்து நீளமாக மண் கரை போடுவார்கள். செலவில் பெரிய பங்கு சர்க்காருடையது, மீதிக்கு நாங்கள் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஏர்பேடு பக்கத்துக்காரர். அவருடைய வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய் இறங்கும். எதைக் கேட்டாலும் "வஸ்தாதி" என்பார். வரும் என்று அர்த்தம். விதைக்கடலை வருமா சார்? வஸ்தாதி. கிணறு வெட்டக் கடன் வருமா? வஸ்தாதி. காணாமல் போன எருமை வருமா என்று ஒரு கிழவர் கேட்டாராம், அதற்கும் வஸ்தாதி என்று சொல்லிவிட்டுப் போனார். எருமை வந்துவிட்டது. அன்றிலிருந்து வஸ்தாதி சார் என்ற பெயர் ஊரில் நிலைத்தது. விதைக்கடலையும் கடனும் வரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொய்க்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அவர் பொய்க்காரர் இல்லை. வெயிலில் இரண்டு கம்பையும் நூலையும் ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை சரிவில் அலைவார். மனு எழுதித் தரச் சொன்னால் உட்கார்ந்து எழுதித் தருவார். அதைத் தானே எடுத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறுவார். சொன்னது நடக்கவேண்டும் என்று எங்களைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். நடக்காது என்று தெரிந்த பிறகும் அந்த ஆசை போகாது, அதுதான் கோளாறு.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. யார் கொல்லையை விட்டுக் கிளம்பினாலும் வரப்பில் நின்று, செருப்பில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் சுரண்டி அங்கேயே போடுவார். "மீ மன்னு மீகே" என்பார், உங்கள் மண் உங்களுக்கே. எங்கள் வீட்டுக்காரருக்கு இது வேடிக்கை.

"இன்னா சார், இதுல ஒரு மூட்டை வேர்க்கல்ல வெளையுமா?" என்று கேட்பார்.

"வெளையும் வெளையும்" என்பார் அவர், குச்சியை விடாமல்.

அந்தச் சமயத்தில்தான் எல்லை முடிவானது. ஆந்திரா பிரிந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கணக்குப்பிள்ளை பேசுகிற பாஷை மாறியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல வருஷம் இந்த ஊர் அங்கே, அந்த ஊர் இங்கே என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் முடிவு செய்து கல் நட்டார்கள். எங்கள் ஊர் ஆந்திராவோடு நின்றது. ஊருக்குக் கிழக்கே மலையிலிருந்து ஒரு ஓடை இறங்குகிறது. ஓடைதான் எல்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வந்தவர்கள் ஓடைக்கு இந்தப் பக்கமாகவே கல்லை நட்டுவிட்டார்கள். கல்லுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. ஆடு மேய்கிற இடம், யாருக்கும் அதில் ஒன்றும் விளையாது.

ஆனால் வஸ்தாதி சாரின் கரை அந்தத் துண்டைத் தாண்டித்தான் ஓடையைப் போய்ச் சேரவேண்டும். மேற்கேயிருந்து கரையைப் போட்டுக்கொண்டே வந்து, ஓடைக்கரையில் கல்லால் ஒரு கலிங்கு கட்டி, மிஞ்சிய தண்ணீரை அதன் வழியாக ஓடையில் இறக்கிவிடுவது என்று ஏற்பாடு. கல் நட்ட மாதம் வேலை நின்றுவிட்டது. இந்தப் பக்கத்து ஆபீஸ், அது அடுத்த ராஜ்யத்து மண், எங்கள் பணம் அங்கே போகாது என்றது. அந்தப் பக்கத்து ஆபீஸ், நாங்கள் ஆரம்பிக்காத வேலைக்கு நாங்கள் எதற்குக் கலிங்கு கட்ட வேண்டும் என்றது. இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை. கரை மட்டும் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அதற்கு நேர் கீழே எங்கள் கொல்லையின் மேல் மூலை.

கரை இல்லாத காலத்தில் தண்ணீர் சரிவு முழுக்கப் பரவி வரும். எல்லோர் மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும். இப்போது மலைத் தண்ணீர் மொத்தமும் கரையோரமாகவே நடந்து வந்து, அது முடிகிற இடத்தில் எங்கள் தலையில் கொட்டப் பார்த்தது. கரையை அங்கங்கே வெட்டிவிட்டால் தண்ணீர் பழையபடி பரவிப் போய்விடும். எங்கள் வீட்டுக்காரர் அதைத்தான் செய்யவேண்டும் என்றார். சர்க்கார் கரையில் கை வைக்கக்கூடாது, வைத்தால் ஊருக்கே பாக்கி வேலை நின்றுபோகும் என்று எல்லோருக்கும் பயம். அதோடு மாமனார் ஒரே பிடியாக நின்றார்.

"கலிங்கு வரப்போவுதுன்னு சார் சொல்லிக்கினு கீறாரு. நீ இன்னாத்துக்குடா கரைய வெட்டறே?"

"எப்ப வரும் நைனா?"

"வஸ்தாதின்னாருடா."

அந்த வருஷ ஐப்பசி மழையில் மேல் மூலை போயிற்று. காலையில் போய்ப் பார்த்தால், கொல்லைக்குள் ஒரு பள்ளம். எங்கள் வீட்டுக்காரர் அதில் இறங்கி நின்றால் தலைமுடிதான் வெளியே தெரிந்தது. விளிம்பில் கடலைச் செடிகள் காயோடு வேர் தொங்க நின்றன. மாமனார் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வேர் தொங்கிய செடிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு காயாக ஆய்ந்து துண்டில் போட்டுக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு வஸ்தாதி சார் ஓடி வந்தார். பள்ளத்தில் இறங்கினார். பக்கத்து மண்ணைக் கையால் தடவிப் பார்த்தார், கொஞ்ச ஆழத்துக்குக் கீழே வெறும் சரளையும் பாறையும். அவர் முகம் செத்துப்போயிற்று.

"கலிங்கு வருமா சார்?" என்று மாமனார் கேட்டார்.

"வஸ்தாதி" என்றார் அவர்.

மாமனார் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் கரையை வெட்டியாவது பிழைத்திருப்போம். அவர் வாயால் சொன்னதால் கேட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அலைந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சித்தூருக்குப் போவார். அந்த ராஜ்யத்து ஆபீசுக்குப் போவார், அங்கே நீ யார் என்று கேட்டு வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடிப்பார். இளைத்துப்போய்விட்டார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அதே பதில்தான். கேட்கக் கேட்க எனக்கு அந்த வார்த்தையைவிட அதைக் கேட்டு மலர்கிற முகங்கள்மேல்தான் அலுப்பு வந்தது.

அடுத்த வருஷமும் கடலை நன்றாக வந்திருந்தது. பிடுங்குவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. பள்ளத்தின் தலை அதற்குள் சின்னச் சின்ன மழையிலேயே சரிந்து சரிந்து கொல்லையின் நடு வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு பெருமழை அடித்தால் கொல்லை இரண்டாகிவிடும், மிஞ்சுகிற மண்ணும் சரிந்து போய்விடும். எங்களுக்கு விளைகிற கொல்லை அது ஒன்றுதான். அது போனால் மெட்ராஸுக்குப் போய் மூட்டை தூக்குகிறேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்திருந்தார். வேடிக்கைக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அப்படி ஒரு மத்தியானம் வஸ்தாதி சார் வந்தார். மாமனார் வழக்கம்போல் சாப்பிட உட்கார வைத்தார். களி வைத்தேன், கீரை ஊற்றினேன். இரண்டாவது உருண்டைக்கு வழக்கம்போல் "பெட்டம்மா" என்றார். நான் வைக்கவில்லை. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"சார், கலிங்கு வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்கோ. நாங்க கரைய நாலு எடத்துல வெட்டி உட்டுக்கினு பொழச்சிக்கிறோம்."

"அட்லா அனகூடதம்மா, அப்படிச் சொல்லக் கூடாது. பைல் மேல போயிந்தி. வஸ்தாதி."

"வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதைச் சொல்லுங்கோ மொதல்ல."

"அடியே, துன்னுகினு கீற மனுசன்கிட்ட இன்னா பேச்சு இது?" என்று மாமனார் அதட்டினார்.

வஸ்தாதி சார் தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வராதுன்னு சொன்னா ஒங்க மொகமெல்லாம் வாடிப்பூடுமேம்மா."

"மொகம் வாடுனா தண்ணி ஊத்திக் கழுவிக்கிறோம் சார். மண்ணு போனா எங்கேர்ந்து கொண்டாந்து கொட்டறது?"

நான் உருண்டையைத் தட்டில் போட்டேன், கொஞ்சம் ஓங்கித்தான் போட்டேன். அதையும் சாப்பிட்டார். கை கழுவினார். மாமனாரிடம் தலையசைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமனார் அன்றெல்லாம் என்னோடு பேசவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மலை கறுத்தது. காற்று ஈரமாக வந்தது. மாட்டை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஓடி வருகிற சத்தம். வஸ்தாதி சார். விஜயபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார், மலையைப் பார்த்திருக்கிறார், அப்படியே திரும்பிவிட்டார். வழியில் சைக்கிள் சகதியில் மாட்டிக்கொண்டதாம், அதைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவராகச் சொல்லட்டும் என்று நின்றேன்.

"ராதம்மா" என்றார். வராது.

பிறகு உள்ளே கட்டிலில் இருந்த மாமனாரைப் பார்த்து உரக்கச் சொன்னார். "ராது பெரியவரே. கலிங்கு ராது. போன வருசமே ராதுன்னு சொல்லிட்டாங்க. இப்பவே கரைய வெட்டிடுங்க."

மாமனார் எழுந்திருக்கவில்லை. "சர்க்கார் கரையாச்சே சார்" என்றார், சின்னக் குரலில்.

"நான் வெட்டறேன். கடப்பாரை குடுங்க."

முதல் குத்து அவர்தான் குத்தினார். அவருக்கு அந்த வேலை தெரியாது, கடப்பாரை கல்லில் பட்டுத் துள்ளியது. எங்கள் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார், நான் மண்வெட்டியால் வாரித் தள்ளினேன். மேல் கொல்லைக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள், நாங்க பாடுபட்ட கரையை யாரைக் கேட்டு வெட்டறீங்க என்று. அவர்களைப் பார்த்தும் அவர் "ராது, ராது" என்று கத்தினார். அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் தங்கள் பங்குக்கு மண்வெட்டியோடு மேற்கே போய் வெட்ட ஆரம்பித்தார்கள். கடைசி வாயைத் திறந்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வந்தது. கரையோரமாக நடந்து வந்தது, வெட்டிய வாய்களில் இறங்கியது, அகலமாகப் பரவி எங்கள் கொல்லைமேல் கணுக்கால் அளவுக்கு ஓடியது. மண் போயிற்று, எப்போதும் போகிற அளவுக்குப் போயிற்று. பள்ளம் இருந்த இடத்திலேயே நின்றது. அந்த வருஷம் கடலையைக் காய் உதிராமல் பிடுங்கினோம்.

மழையில் அவர் கரைமேல் நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்கு வாருங்கள் என்றதற்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு தடவை வாய் திறந்துவிட்டதால் அவருக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது. விதைக்கடலை வருமா? ராது. கடன்? இந்த வருசம் ராது, வெளியே கேளுங்கள். கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வாயைத் திறந்தாலே அபசகுனம் என்றார்கள். மேல் தெருவில் சாப்பிடக் கூப்பிடுவது நின்றது. கொல்லையைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதரைப் பற்றி என் மாமனாரே சொன்னார்: "நல்லதா ஒரு வார்த்த வராதா அந்தாளு வாயில?" எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மாமனாருக்கு மோர் கரைக்காமல் விட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

கரையை வெட்டியதற்கு ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். நான்தான் வெட்டினேன், ஊர்க்காரர்கள் கை வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மதனப்பள்ளி பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எங்கள் கொல்லை வழியாக வந்தார். மாமனார் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. நான்தான் சாப்பிட்டுப் போங்கள் சார் என்றேன்.

"வத்தம்மா" என்றார். வேண்டாம் என்று. சொல்லிவிட்டு அவருக்கே வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, சிரித்தார். வரப்பில் நின்று செருப்பு மண்ணைச் சுரண்டிப் போட்டார். போய்விட்டார். எங்கே இருந்தார், எப்படி இருந்தார் என்று பிறகு ஒன்றும் தெரியாது.

அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயசு ஆள் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, இனிமையான பேச்சு. கரையைச் சுற்றிப் பார்த்தார், வெட்டிய வாய்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு உருண்டை வைக்கப் போனேன், தட்டின்மேல் கையை வைத்து மறைத்து, "சாலம்மா, போதும்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

மாமனார் கிட்டே நகர்ந்து கேட்டார். "கலிங்கு வருமா சார்?"

"மொதல்ல அந்த வெட்டின எடத்தையெல்லாம் அடைச்சி வைங்க. அடைச்சி வெச்சாத்தான் மேல எழுத முடியும்" என்றார் அவர். "கலிங்கு வஸ்துந்தி. தப்பகுண்டா வஸ்துந்தி." தவறாமல் வரும் என்று.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. கை கழுவிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். "கேட்டியாடா? மம்முட்டிய எடு, பொழுதோட போயி அடைச்சிடலாம்." எங்கள் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டார். ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை. அந்தப் பழைய மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காக மூச்சு வாங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவும் மகனும் கரையை அடைக்கப் போனார்கள். நான் பரண்மேல் ஏறிக் கடப்பாரையை இறக்கி, கைக்கு எட்டுகிற மாதிரி வாசற்படிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்.